கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு

அக்டோபர் 14, செவ்வாய்

மலையில் நல்ல மழை. காயல் தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. தூண்டில் கடையில் கூட்டம்தான், ஆனால் வாங்குகிற கூட்டம் இல்லை, தொட்டுப் பார்க்கிற கூட்டம். ஒரு வங்கி மேனேஜர் ரப்பர் மீனை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன, பிள்ளைகள் விளையாடுற பொம்மையா?" என்று கேட்டார். ஈயத் தலை வைத்த கொக்கியை அதற்குள் நுழைத்து, வீசி இழுத்தால் வால் ஆடும் என்றும், கொடுவா அதை மடவைக் குஞ்சு என்று நினைத்துக் கடிக்கும் என்றும் சொன்னேன். "மீன் நம்புமா?" என்றார். மீன் நம்புவது இருக்கட்டும், முதலில் வாங்குகிறவன் நம்ப வேண்டும். அதுதான் என் பிழைப்பு.

அவருக்கு மஞ்சள் வேண்டுமாம். கலங்கலில் பளிச்சென்று தெரியுமாம். எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கலங்கலில் பளிச்சென்ற நிறம் பழுப்போடு பழுப்பாகிவிடும். கறுப்புதான் நிழலாகத் தெரியும். தெளிந்த தண்ணீருக்குக் கண்ணாடி நிறம், கலங்கலுக்குக் கறுப்பு. நின்ற தண்ணீருக்கு எடை குறைந்த ஈயம், ஓடுகிற தண்ணீருக்குக் கனத்த ஈயம். நாள் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இது பாதிதான், மீதிப் பாதி இழுக்கிற ஆளுடைய கையில் இருக்கிறது. பொறுமை இல்லாதவனுக்கு அடியில் ஊர்கிற ரப்பர் புழுவைக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. நான் மெதுவாக இழுக்கிறவன். என் மச்சினன் செல்வின் வீசிய வேகத்தில் சுற்றி எடுக்கிறவன். வெள்ளையைத் தவிர எதையும் தொடமாட்டான். "கறுப்பப் பாத்தா ஆரோ செத்த துட்டி வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு அத்தான்" என்பான். அவனுக்கும் மீன் கிடைக்கத்தான் செய்கிறது. அதுதான் எரிச்சல்.

மத்தியானம் வந்தான். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் வாத்தியார் வேலை, லீவு போட்டிருக்கிறானாம். தன்னுடைய ரப்பர் மீன் டப்பாவை மேசையில் வைத்து, "இது இங்கன கெடக்கட்டும். ஷெரின் வந்தா குடுங்க" என்றான்.

"நீ என்னலே, சந்நியாசம் போறியா?"

சிரித்தான். ஈஸ்டரோடு லில்லி போனதற்குப் பிறகு அவன் சிரிப்பே ஒரு மாதிரிதான். பெண்டாட்டி செத்து, மகள் ஷெரினும் பெங்களூரில் நர்சிங் படிக்கப் போய், ஒற்றை ஆளாக அந்த வீட்டில் கிடக்கிறான். "தூக்கமே வரமாட்டேங்கு அத்தான்" என்றான். "அப்ப பகல்ல வந்து கடையில இரி, எனக்காவது தூக்கம் வரும்" என்றேன். டீ குடித்தான். கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அவன் கிளாஸ் கழுவி நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 16, வியாழன்

பொழி வெட்டியாயிற்று. காயல் நிறைந்து தென்னந்தோப்புக்குள் தண்ணீர் ஏறியதால் பஞ்சாயத்தில் ஜேசிபி கொண்டுவந்து, கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடந்த மணல் திட்டைக் கீறிவிட்டார்கள். தண்ணீர் பாய்கிற சத்தம் ரோட்டில் கேட்கிறது. அடித்துக்கொண்டு வருகிற சின்ன மீனுக்காகக் கொடுவா வாய் திறந்து நிற்கும். நாகர்கோவிலில் தூண்டில் வைத்திருக்கிற அத்தனை பேரும் அங்கேதான். வெட்டின விளிம்பில் நிற்காதீர்கள், அடியில் மணல் அரித்திருக்கும் என்று வருசா வருசம் கத்துகிறேன். ஒருத்தன் கேட்கவில்லை. அங்கே நின்றால்தான் வீச்சு எட்டும்.

கறுப்புக்கு இரண்டு கடி. ஒன்றைக் கரையேற்றினேன், மற்றது அறுத்துக்கொண்டு போயிற்று.

செல்வின் வரவில்லை. போன் போட்டேன். "நாளைக்கு வெள்ளன நீங்க வருவீங்கள்ளா அத்தான்?" என்று கேட்டான். வருவேன் என்றேன். "நீங்கதான முதல்ல வருவீங்க?" என்றான். "பின்னே, உன்ன மாதிரி வெயில் ஏறின பொறவா?" என்றேன். செரி என்று வைத்துவிட்டான்.

அக்டோபர் 17, வெள்ளி

செல்வினைக் காணவில்லை. பைக் பொழிக்கரையில் நிற்கிறது. எழுத ஓடவில்லை.

அக்டோபர் 18, சனி

படகுக்காரர்கள் இன்றும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னதை எழுதி வைக்கிறேன். நாளைக்கு மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. விடியும்போது போனேன். பைக் நின்றது. விளிம்பு ஓரிடத்தில் இடிந்திருந்தது. அவன் தூண்டில் கம்பு தண்ணீர் ஓரமாக மணலில் கிடந்தது, ரப்பர் மீன் தண்ணீருக்குள் கிடந்தது. ஒரு செருப்பு மேலே, ஒன்றைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு போலீசுக்குப் போன் செய்தேன்.

இன்ஸ்பெக்டர் கம்பைத் தூக்கிப் பார்த்தார். "கறுப்பு கலரா? மீன் இதக் கடிக்குமா?" என்றார். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்புதான் சார் என்றேன். எழுதிக்கொண்டார்.

அவரிடம் சொல்லாதது: செருப்பு இரண்டும் ஜோடியாக, கடலைப் பார்க்க, சேர்த்து வைத்திருந்தது. கிளாஸ் கவிழ்த்து வைத்த மாதிரி. கம்பு பைக்கில் சாய்ந்திருந்தது. அதில் வாலறுந்த பழைய வெள்ளை ஒன்று, இருப்பதிலேயே எடை குறைந்த ஈயத்தில். அந்தப் பாய்ச்சலில் அது முழங்கால் ஆழத்துக்குக்கூட இறங்காது. கொக்கி முனை கம்பின் வளையத்தில் மாட்டியபடியே இருந்தது. நூல் சுருள் காய்ந்து கிடந்தது. மீன் பிடிக்க வந்தவன் மாதிரிக் காட்டப் பாதி வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறான். மீதியைச் செய்ய நான் முதலில் வருவேன் என்று தெரிந்திருக்கிறது.

செருப்பில் ஒன்றைத் தண்ணீரில் எறிந்தேன். வெள்ளையை அறுத்துப் பையில் போட்டேன். என் பையிலிருந்து கறுப்பும் கனத்த ஈயமும் எடுத்துக் கட்டினேன். நூல் நனையட்டும் என்று ஒருமுறை வீசி இழுத்து, கம்பை மணலில் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. இழுக்கும்போது ஏதோ ஒன்று கடித்துப் பார்த்துவிட்டு விட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அக்டோபர் 20, திங்கள்

நேற்று வலைக்காரர்கள் கண்டெடுத்தார்கள். மேற்கே தள்ளி, பாறை இடுக்கில். நான்தான் போய் அடையாளம் சொன்னேன். என் பெண்டாட்டி பெனிற்றாவைப் பார்க்க விடவில்லை. தம்பியின் முகத்தை அவள் பழையபடியே நினைத்துக்கொள்ளட்டும்.

ஃபாதர் நல்ல மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. பங்குப்பேரவை செயலாளர் அல்போன்ஸ்தான் கல்லறைத் தோட்ட வாசலில் என்னைத் தனியாக ஒதுக்கினார். எங்கள் பங்கில் இன்றைக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. தானாக உயிரை விட்டுப் போனவர்களுக்குத் துக்கமணி கிடையாது. குழியும் வரிசையில் கிடையாது, வடக்கு மதில் ஓரம், எருக்கஞ்செடிக்கு நடுவில். ஃபாதர் மாறி மாறி வருவார், அல்போன்ஸ் மாறுவதில்லை.

"ஜான்றோசு, ஊரு நாலு விதமாப் பேசும். ஒண்ணே ஒண்ணு சொல்லும். மீன் பிடிச்சிட்டுதான நின்னான்?"

"கறுப்பு போட்டிருந்தான். அடியில இழுத்துக்கிட்டு இருந்திருக்கான். கர இடிஞ்சு போச்சு" என்றேன்.

அல்போன்சும் தூண்டில்காரர்தான். தலையை ஆட்டினார். "அந்தத் தண்ணிக்கு அதான் செரி" என்றார். மணி அடித்தார்கள். லில்லிக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அக்டோபர் 22, புதன்

கடை திறந்தேன். சும்மா வீட்டில் இருந்தால் பெனிற்றா முகத்தைப் பார்க்க வேண்டும்.

யாரோ அன்றைக்கு மணலில் கிடந்த கம்பைப் போட்டோ எடுத்து தூண்டில்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். காலையிலிருந்து வருகிறவன் எல்லாம் ஒரே கேள்வி. "செல்வின் அண்ணன் கடைசியாப் போட்ட கறுப்பு இருக்கா?" அவனை இழுத்துப்போட்டது பெரிய கொடுவாவாம். ஒருத்தன் ஆளுயரம் என்கிறான், இன்னொருத்தன் அதற்கும் மேலே. துட்டி வீட்டு அடுப்பில் குளிர்காய்கிற பயல்கள். கறுப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தேன். சாயங்காலம் அந்த வங்கி மேனேஜரும் வந்தார். அவரை மட்டும் திட்டிவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

ஷெரின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அழுவதில்லை. காய் நறுக்குகிறாள், துணி மடிக்கிறாள். மடித்ததையே மறுபடி மடிக்கிறாள். காலையில் அடுக்களையில் அவள் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"அண்ணைக்குச் சாயங்காலம் அப்பா கூப்பிட்டாங்க அத்தே. அடுத்தடுத்து ரெண்டு மட்டம். படிச்சிட்டு இருந்தேன், எடுக்கல்ல. பொறவு கூப்பிடலாம்னு வச்சேன்."

"பொழி வெட்டியிருக்குன்னு சொல்லக் கூப்பிட்டிருப்பான் மக்ளே. மீனுன்னா அவனுக்கு வேற நெனப்பு உண்டா?"

"அதான் நானும் நெனச்சேன். அதுக்குத்தான் இருக்கும். இல்லியா அத்தே?"

"அதுக்குத்தான் மக்ளே. சந்தோசமாத்தான் போயிருக்கான்."

நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் தேய்த்திருக்கிறேன், ஈறில் ரத்தம் வந்துவிட்டது. செல்வின், நீ செத்தும் என்னைப் படுத்துகிறாய். ஆனாலும் இந்த ஒன்றை நான் காப்பாற்றித் தருகிறேன். அவள் அந்தப் போனை மீன் விஷயம் என்றே நினைத்துக்கொண்டு கிழவியாகட்டும்.

அக்டோபர் 25, சனி

மழை. கூரைத் தகரம் ஒழுகுகிறது. பெனிற்றா இன்று கொஞ்சம் சோறு தின்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

ஷெரின் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அப்பாவின் கம்பைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். நான் போய் வாங்கி வருகிறேன் என்று சொன்னதற்கு, வேண்டாம் மாமா என்றாள். கம்பு கண்ணில் படவில்லை, அவள் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறாள் போல. நாளை மறுநாள் பெங்களூர் ரயில். அவளுக்குப் பரீட்சை இருக்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் மழை வலுத்ததால் கடையில் யாரும் இல்லை. ஷெரின் குடையும் கம்புமாக வந்தாள். கம்பை மேசை மேல் வைத்தாள். நான் கட்டின கறுப்பு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் யாரும் தொடவில்லை.

"மாமா, இத ஆரு கெட்டினா?"

"அப்பாதான் மக்ளே. வேற ஆரு?"

"எங்கப்பா கறுப்பு போடமாட்டாங்க."

"தண்ணி கலங்கிக் கெடந்துல்லா. நாந்தான் சொல்லியிருந்தேன்."

"நீங்க எனக்கு நெனவு தெரிஞ்ச நாள் முதலே சொல்லுகீங்க. ஒரு நாளாவது கேட்டிருக்காங்களா?"

அவள் ரப்பர் மீனை விரலால் தூக்கிக் காட்டினாள். வெல்டிங் வாத்தியார் மகள், கண் கூர்மை.

"முடிச்சப் பாருங்க. அப்பா நெருக்கி இறுக்குவாங்க, நுனிய தீக்குச்சி வச்சுப் பொசுக்கி உருண்டையாக்குவாங்க. எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தாங்க. இது வளையம் விட்டுக் கெட்டின முடிச்சு. வால் ஆடணும்னு நீங்கதான் இப்படிக் கெட்டுவீங்க. இது உங்களுக்க முடிச்சு மாமா."

அப்போதுதான் என் மடத்தனம் எனக்கு விளங்கியது. அந்த வெள்ளையை விட்டிருந்தால் போதும். அந்தத் தண்ணீரில் அதை எவனும் போடமாட்டான், ஆனால் செல்வின் போடுவான். ஊருக்கே தெரியும். நூலை மட்டும் நனைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் தண்ணீரைப் பார்த்துக் கட்டினேன், ஆளைப் பார்த்துக் கட்டவில்லை. மச்சினன் போய்ச் சேர்ந்த இடத்தில் நின்றுகொண்டு, தப்பான நிறம் மாட்டியிருக்கிறான் என்று திருத்தியிருக்கிறேன். கடைக்காரப் புத்தி.

"நீங்க கூட இருந்தீங்க" என்றாள்.

"என்ன?"

"வெளுப்பான் காலத்துல, விடியும் முன்னயே நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நின்னீங்க. அப்பாக்கிட்ட சரியானது இல்லன்னு நீங்க கெட்டிக் குடுத்தீங்க. கர இடிஞ்சு அப்பா விழுந்தப்போ நீங்க பயந்து ஓடிட்டீங்க. பொறவு வந்து, இப்பத்தான் கண்டேன்னு போலீசுக்குப் போன் போட்டீங்க. அப்படித்தான மாமா?"

சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். பின்னே ஏன் கட்டினீர்கள் என்பாள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலைக் கேட்டதும் அவள் நேரே அந்த இரண்டு போன் அழைப்புக்குப் போய் நிற்பாள். அங்கிருந்து அவள் திரும்பி வரமாட்டாள்.

"ஆமா மக்ளே" என்றேன்.

"கைய நீட்டவாவது செய்தீங்களா?"

செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்தப் பக்கம் நின்றீர்கள், எவ்வளவு தூரம், என்ன பிடித்தீர்கள் என்று கேட்பாள். அவளிடம் இன்னொரு பொய்யைக் கட்ட எனக்குத் தைரியம் இல்லை.

"இல்ல. பயந்துட்டேன்."

தலையை ஆட்டினாள். "அப்பா உங்கள நம்பித்தான நின்னிருப்பாங்க" என்றாள். மேசையில் கிடந்த கத்தரியை எடுத்து, கறுப்பை முடிச்சோடு வெட்டி என் முன்னால் வைத்தாள். கம்பை எடுத்துக்கொண்டு மழையிலேயே போனாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை. படுபாவி, செய்வதைத் திருந்தச் செய்திருக்கக் கூடாதா என்று செல்வினைத் திட்டினேன். அப்புறம் கடையைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 29, புதன்

ஷெரினை ரயில் ஏற்ற நான் போகவில்லை. அவள் என்னை வரச் சொல்லவும் இல்லை.

பெனிற்றாவிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். ரயில் ஏற்றிவிட்டு வந்த பெனிற்றா நேரே அடுக்களைக்குப் போனாள். சோறு எடுத்து வைத்தாள். மீன்குழம்பு இல்லை, இனி இந்த வீட்டில் மீன் வாங்க வேண்டாம் என்றாள்.

அக்டோபர் 31, வெள்ளி

ஊருக்கும் தெரிந்துவிட்டது. அல்போன்ஸ் எதிரே வந்தவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனார். கடைக்கு யாரும் வரவில்லை. வந்த ஒருத்தனும் பார்த்துவிட்டுப் போனான், வாங்கவில்லை. மச்சினனைத் தண்ணியில் விட்டுவிட்டு ஓடியவனிடம் எவன் தூண்டில் வாங்குவான்? நானே வாங்கமாட்டேன்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார். முதலில் ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டார். பயம் சார் என்றேன். பயப்படுவது குற்றம் இல்லை, பொய் சொன்னதுதான் குற்றம் என்றார். அது சரிதான். கடைசியில், விபத்து விபத்துதான் என்று ஃபைலை மூடிவிட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பெனிற்றா தனியாகப் போவாள் என்று நினைத்தேன். மெழுகுவர்த்திக் கட்டையும் பூவையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள், நான் சட்டை போடும்வரை நின்றாள்.

தோட்டத்தில் நல்ல கூட்டம். வரிசை வரிசையாக மெழுகுவர்த்தி. வடக்கு மதில் ஓரம் மட்டும் இருட்டாகக் கிடந்தது. அங்கே யாரும் போகவில்லை. செல்வின் குழியில் மண் இன்னும் அமுங்கவில்லை. பெனிற்றா மண்டியிட்டு லில்லிக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று ஏற்றினாள். காற்றில் அணைந்தது. நான் கையைக் குவித்து மறைத்தேன். மறுபடி ஏற்றினாள். என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியும்லா?"

கல்யாணமான புதிதில் இந்தக் காயலை நான் குறுக்கே நீந்தியதைக் கரையில் நின்று பார்த்தவள் அவள்.

"தெரியும்" என்றேன்.

எழுந்து சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, கூட்டத்தோடு முன்னால் நடந்தாள். நான் மெழுகுவர்த்தி தீரும்வரை அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பெனிற்றா போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஷெரின்தான். இப்போதெல்லாம் ராத்திரி தூக்கம் வருகிறதாம். நாளைக்குப் பரீட்சை, நன்றாகப் படித்திருக்கிறாளாம். நான் உள்ளே வந்ததும் பெனிற்றா போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.